பூசையில் வைத்த நூலகம்

எனக்குப் பேச வராது. படிக்க வரும்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகு நிறுத்தினார்கள். அதுதான் அவர்கள் விட்ட கோட்டை. அதன் பிறகு பொட்டலம் மடித்த காகிதம், ரேஷன் கடைச் சுவர், பஸ்ஸின் முதுகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஊர் நூலகத்துக்குள் போனது நாற்பது வயசுக்கு மேல். மழைக்கு ஒதுங்கினேன். மழை விட்டது. நான் கிளம்பவில்லை.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். நூலகம் ஒரே அறை. கட்டடம் உரக்கடை மாமாவின் அப்பா எழுதிக் கொடுத்தது. புத்தகம் அரசாங்கத்துடையது. திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு பெண் நூலகராக வரும். சின்ன வயசு, தற்காலிக வேலை. என்னை அக்கா என்று கூப்பிடும். அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். வருவது பேப்பருக்கு. அலமாரிப் பக்கம் போவது நான் ஒருத்திதான்.

"பேப்பர் படிக்கிற ஆம்பளைக நடுவுல ஒனக்கென்ன சோலி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவுக பேப்பரப் பாக்குறாக. என்னையப் பாக்கல" என்றேன்.

"பேப்பர் இல்லாத நேரத்துல?"

"தூங்குறாக."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை. ஊரில் வேறு பெண்கள் வராததற்கும் காரணம் இதுதான். வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி இருந்தது.

நான் படிப்பது நாவல். படித்ததை மறுநாள் களையெடுக்கும்போது சொல்லவேண்டும். அது எங்கள் கூட்டத்தின் ஏற்பாடு. எனக்குப் பேச வராது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் விடமாட்டார்கள். முக்கியமாக அத்தாச்சி. களையெடுப்பில் எங்களுக்கெல்லாம் மூத்தவள். ஒரு எழுத்துத் தெரியாது. கதை என்றால் உயிர்.

"அவ மில்லு வேலைக்குப் போனா. சம்பளம் வந்துச்சு. ஒரு சேலை எடுத்தா" என்பேன்.

"என்ன சேலை?"

"போடல."

"கலரு?"

"போடல."

"சேலை கலரக்கூட எழுதாதவன் என்னத்தக் கதை எழுதுறான்?"

"எழுதுனது பொம்பளை அத்தாச்சி."

"அப்பவுமா?"

இப்படித்தான் அந்த வருஷம் ஒரு பெரிய நாவல் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் அடி தாங்காமல் ஒருத்தி வெளியூர் போகிறாள். மில்லில் வேலை பார்க்கிறாள். தனியாக ஒரு மாடி அறை எடுக்கிறாள். அவன் தேடிக் கண்டுபிடித்து வந்துவிடுகிறான். கதவைத் தட்டுகிறான். அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தோடு நான் அன்றைக்கு மூடிவைத்தேன். மறுநாள் உரக்கடை மாமா வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாமா வாசகர் வட்டத் தலைவர். புத்தகத்தின் மேல் அவ்வளவு மரியாதை. கையில் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார், இருந்த இடத்தில் வைத்துவிடுவார். திறந்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் சரஸ்வதி பூசையை நூலகத்தில் பெரிதாகச் செய்வது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு புத்தகம்கூட வெளியே இருக்கக்கூடாது, எல்லாம் பூசைக்கு வரவேண்டும் என்றார். வீடு வீடாக மொபெட்டில் வந்தார்.

"இன்னும் கொஞ்சந்தான் மாமா இருக்கு. படிச்சுட்டுத் தாரேன்" என்றேன்.

"ஒரு நாளைக்குத்தானத்தா. நாளைக்கு வெச்சு நாளான்னிக்கு எடுத்துரப்போறோம். சரஸ்வதியக் காக்க வெக்கலாமா?"

கொடுத்தேன். கண்ணில் ஒற்றிப் பைக்குள் போட்டார்.

பாய் கடையில் மட்டும் அவர் கேட்கவில்லை. பாய் நூலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர். அவரிடமும் ஒரு புத்தகம் இருந்தது. பூசைக்கு அவரிடம் போய்க் கேட்பது மரியாதை இல்லை என்று மாமா விட்டுவிட்டார். ஊரில் பூசை பார்க்காத புத்தகம் அது ஒன்றுதான்.

பூசை நன்றாக நடந்தது. குறை சொல்ல முடியாது. அலமாரிக்கு மாலை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் சரஸ்வதி படம். பொரி, சுண்டல். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. மாமா பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நூலகரிடம் இருந்த சாவியையும் பூசை முடியட்டும் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது குளத்தூர்ப் பக்கமிருந்து போன் வந்தது. மாமாவுக்குப் பங்காளி ஒருவர் போய்விட்டார். மாமாவுக்குத் தீட்டு. கருமாதி முடியும்வரை சாமி காரியம் எதிலும் கை வைக்கக்கூடாது.

"வேற யாராச்சும் மறுபூசை போட்டு எடுக்கலாம்ல சார்?" என்று நூலகர் கேட்டது.

"நான் வெச்ச பூசை. நாந்தாம்மா எடுக்கணும். அடுத்தவன் எடுத்தா எனக்கு ஆகாது."

"ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

"சாமி விஷயம்னு சொல்லு. ஆபீஸ்காரனுக்கும் சாமி உண்டுல்ல?"

கட்டடம் அவர் அப்பா கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கோ தற்காலிக வேலை. அது வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் மட்டும் கொடுத்தது. பேப்பருக்குப் பூசை இல்லை. நேற்றைய பேப்பரைப் பூசையில் வைப்பார் யார்?

வயலில் என்னை விடவில்லை.

"தெறந்தாளா இல்லையா?"

"தெரியல."

"தெரியலன்னா? நீதானே படிச்ச?"

"புத்தகம் பூசையில இருக்கு."

"தெறந்திருப்பா" என்றாள் ஒருத்தி. "எத்தன நாளைக்கு ஒத்தையில இருப்பா?"

"தெறந்தா அவள மாதிரி ஒரு கூறுகெட்டவ இல்ல" என்றாள் இன்னொருத்தி. அவள் புருஷனிடம் அடி வாங்கியவள். அவளுக்குத் தெரியும்.

சண்டை முற்றி இரண்டு கட்சியானது. திறப்பாள் கட்சி ஒரு வரப்பு, திறக்கமாட்டாள் கட்சி ஒரு வரப்பு. நடுவில் களை நின்றது. வயல்காரர் வந்து பார்த்துவிட்டு யார் அந்தப் பொம்பளை, எந்த ஊர் என்று கேட்டார். கதையில் வருகிறவள் என்றோம். அப்படியே நின்றார். பிறகு, "தெறக்க மாட்டான்னுதான் எனக்கும் தோணுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருமாதி நெருங்கியது. இன்னொரு பங்காளி போனார். எண்பது தாண்டியவர். மாமாவுக்குப் பெரிய வகையறா. மாவட்டம் பூராவும் பங்காளிகள், அதில் பாதிப் பேர் கிழவர்கள். மழைக்காலம் வேறு. தீட்டு முடிகிற நேரம் பார்த்து ஒருவர் கிளம்பினார்.

"மொறை வெச்சுச் சாகுறாகளோ" என்றாள் அத்தாச்சி.

அப்போதுதான் பாயிடம் இருந்த புத்தகம் வெளியே வந்தது. நாட்டுக்கோழி வளர்ப்பு. அவர் கோழிகள் வரிசையாகச் செத்தபோது எடுத்தது.

"வேற இல்லையா பாய்?" என்றேன்.

"இது என்ன தங்கச்சி, மளிகைக் கடையா? இருக்குறத எடு."

எடுத்தேன். எழுத்து எழுத்துதான். படித்து முடித்து அடுத்தவரிடம் கொடுத்தேன். பேப்பர் படிக்கிற ஆண்களும் வாங்கினார்கள். விளம்பரம் வரை படித்து முடித்த பிறகு அவர்களுக்கும் வேறு வழியில்லை. ஐப்பசி முழுக்க ஊர் அந்த ஒரு புத்தகத்தைப் படித்தது. டீக்கடையில் அரசியல் நின்றுபோனது. வெள்ளைக் கழிச்சலுக்கு என்ன செய்வது, அடைக்கு எத்தனை முட்டை வைப்பது என்று பேச்சு. எந்த வீட்டுக் கோழியாவது தலையைத் தொங்கப்போட்டால் நாலு பேர் போய்ப் பார்த்து நாலு வைத்தியம் சொன்னார்கள். கோழிக்கு அதுவரை அந்த மரியாதை கிடைத்ததில்லை. வயலில் நான் அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"குஞ்சு பொரிச்சதும் முதல் நாள் வெல்லத்தண்ணி."

"கதவுக்கு வா" என்றாள் அத்தாச்சி.

இதற்கிடையே நூலகம் சாமியாக ஆரம்பித்தது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லமுடியாது. பத்தாவது படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் பூட்டிய கதவுக்கு முன் சூடம் ஏற்றினார்கள். கேட்டால், உள்ளே சரஸ்வதி பூசையில் இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான். பிறகு படிக்கட்டுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பேச்சு வராத குழந்தைக்கு வேண்டிக்கொண்டு ஒருத்தி ஜன்னல் கம்பியில் மஞ்சள் துணி கட்டினாள். அந்தக் குழந்தை அந்த வாரமே வாயைத் திறந்து அப்பனைத் திட்டியது. அவ்வளவுதான். மறு வாரம் கம்பி தெரியவில்லை. பேப்பர் படிக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நூலகர் தன் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

"அக்கா, என்னைய அர்ச்சனை டிக்கெட் இருக்கான்னு கேக்குறாங்க" என்றது.

மாமாவுக்குச் சந்தோஷம். அப்பா கொடுத்த இடத்தில் தெய்வம் தானாக இறங்கியிருக்கிறது என்றார். ஒருநாள் பாய் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

"தரைக்கு டைல்ஸ் சொல்லிட்டேன். தீட்டுக் கழிஞ்சதும் ஒட்டிரலாம். முன்னால ஒரு மண்டபம் மாதிரி எறக்கணும்."

"புத்தகமெல்லாம்?" என்றார் பாய்.

"அலமாரி எடத்த அடைக்குது. மூட்டை கட்டி எங்கிட்டாவது பத்திரமா வெச்சுரலாம். மரியாதையா வெச்சுரலாம்."

நான் டீ வாங்க வந்தவள். கையில் தூக்குவாளி. டீ ஆறியது. எங்கள் ஊரில் மூட்டை கட்டிப் பத்திரமாக வைத்தது எதுவும் திரும்பி வந்ததில்லை. பழைய பஞ்சாயத்து ரேடியோ அப்படித்தான் போனது. அலமாரி போனால் எனக்கு அடுத்த நூலகம் புதுக்கோட்டை டவுனில். நூலகர் வருகிற பஸ்ஸில் நான் போகவேண்டும். அன்றைய கூலி போய்விடும். ஆக, படிப்பு போச்சு. கோழியோடு நிற்கவேண்டியதுதான்.

அத்தாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப அவ தெறந்தாளா இல்லையான்னு தெரியாமயே நான் செத்துருவேனா?" என்றாள்.

"ஆமா."

"வாடி போவோம்" என்றாள். ஆனால் எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வழி மாமா வீட்டிலிருந்தே வந்தது. மறுபடி ஒரு பங்காளி போனார். மாமா வெளியூர் துக்கத்துக்குப் போய்த் தலை முழுகி வந்து பாய் கடையில் உட்கார்ந்திருந்தார். கூட ஆண்கள் கூட்டம். சாவி எப்போதும் போல் இடுப்பில். நானும் அத்தாச்சியும் களையெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். எனக்கு அந்தச் சாவிதான் கண்ணில் பட்டது.

"மாமா, நூலகம் இப்ப கோயிலா?" என்றேன்.

"பின்ன? கோயிலுதான்."

"கோயில் சாவி தீட்டு வீட்டுல இருக்கலாமா?"

மாமா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். தேள் இருந்தால் தொடுவது போலத் தொட்டார்.

"அட, ஆமா" என்றார் ஒருவர். "இத்தன நாளும் இருந்துருக்கே."

"அதான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போய்க்கிட்டே இருக்கு" என்றார் இன்னொருவர்.

மாமாவுக்கு வேர்த்தது. சாவியை உருவிக் கடை பெஞ்சில் வைத்தார். யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. பூசாரி வீட்டில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, அது ஒரு தீட்டு. பஞ்சாயத்து கிளார்க் வீட்டில் பெண் பெரியவளாகியிருந்தது, அது ஒரு தீட்டு. அங்கே இருந்ததில் பாதிப் பேர் மாமாவுக்குப் பங்காளி. மீதிப் பேரில் ஒருவர் காலையில்தான் துக்கத்துக்குப் போய்வந்தவர். இன்னொருவர் சுத்தம்தான், ஆனால் குடிப்பார். அவரே எழுந்து, "எனக்கு வேணாமப்பா" என்றார்.

"அத்தாச்சிகிட்டக் குடுங்க" என்றேன்.

மாமா நெளிந்தார். "பொம்பளைக கையில... மாசத்துல நாலு நாளு... அது சரிவராதுத்தா."

"எனக்கு அதெல்லாம் நின்னு எத்தனையோ காலமாச்சுப்பா" என்றாள் அத்தாச்சி. தெருவுக்கே கேட்டது. ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாய் கூட கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார்.

"ஒனக்குக் கண்ணு சரியாத் தெரியாதே. தொலைச்சுப்புடுவ" என்றார் மாமா.

"அப்ப பாய்கிட்டக் குடு. அவருக்குத்தான் ஒங்க தீட்டு எதுவும் ஒட்டாதே" என்றாள் அவள்.

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். மாமா யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் வீட்டுச் சாவுக்கும் சரஸ்வதிக்கும் சம்பந்தமில்லை.

"நான் வெளக்கெல்லாம் போடமாட்டேன்" என்றார் பாய்.

"வெளக்கு நான் போடுறேன்" என்றாள் அத்தாச்சி. "நீங்க தெறந்து விடுங்க, போதும். திரி எங்க இருக்குன்னு காட்ட இவ கூட வருவா."

இவள் என்றது என்னை. மாமா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது என்று அவருக்குத் தெரியும்.

"வெளக்குப் போட்டமா வந்தமான்னு இருக்கணும். எதையும் தொடக்கூடாது" என்றார்.

"சாமிய நான் தொடுவனா?" என்றாள் அத்தாச்சி.

அன்றைக்குச் சாயந்திரமே போனோம். பாய் பூட்டைத் திறந்தார். உள்ளே காய்ந்த மாலையும் எலிப் புழுக்கையும் சந்தன வாசமும். அத்தாச்சி விளக்கைப் போட்டுக் கும்பிட்டாள். கண் மூடியபடியே, "எந்த அலமாரி?" என்றாள்.

"மூணாவது."

"எடு."

"தொடக்கூடாதுன்னாரே."

"சாமிய நாந்தானே தொடமாட்டேன்னேன்? நீ ஒண்ணும் சொல்லலையே."

எடுத்தேன். அட்டையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. விரித்து, தாழ்ப்பாளில் கை இருந்த இடத்திலிருந்து விளக்கு வெளிச்சத்தில் வாசித்தேன். சத்தமாக வாசித்தேன். 'அமைதி காக்கவும்' என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. அத்தாச்சிக்குத்தான் படிக்கத் தெரியாதே.

அவள் கதவைத் திறக்கிறாள். என்ன வேணும் என்று கேட்கிறாள். அவன் தண்ணீர் கேட்கிறான். கொடுக்கிறாள். குடித்து முடிக்கும்வரை நிற்கிறாள். செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அப்புறமும் கொஞ்சம் இருந்தது, ஆனால் விஷயம் அவ்வளவுதான்.

அத்தாச்சி திரியைத் தூண்டிவிட்டாள்.

"தண்ணி குடுத்தாளா?"

"குடுத்தா."

"நல்ல புள்ள. கதவச் சாத்துனாளா?"

"சாத்துனா."

"அதவிட நல்ல புள்ள" என்றாள்.

மறுநாள் வயலில் நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. முடிவு தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். கெஞ்சினார்கள். ஒருத்தி கடலை உருண்டை கொண்டுவந்தாள். அத்தாச்சி உருண்டையைத் தின்றுவிட்டு, "வெளக்குப் போட வா. தானாத் தெரியும்" என்றாள்.

வந்தார்கள். முதலில் திறக்கமாட்டாள் கட்சி. பிறகு திறப்பாள் கட்சி. இரண்டு கட்சியும் தோற்றதா ஜெயித்ததா என்று புதுச் சண்டை. அதற்காக மறுபடி வாசிக்கவேண்டியிருந்தது. அப்புறம் எழுத்துத் தெரிந்தவர்கள் அலமாரியைப் பார்த்தார்கள். சமையல், சாமி கதை, துப்பறியும் கதை, வீட்டு வைத்தியம். பூத்தட்டில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினால் தேங்காய் பழம் மாதிரித்தான் இருந்தது.

யார் வீட்டிலும் கேள்வி இல்லை. நூலகத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டுக்கு வீடு விசாரணை. கோயிலுக்குப் போகிறேன் என்றால் யார் கேட்பது? என் வீட்டுக்காரர் எனக்கு நல்லெண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

"நல்லா வேண்டிக்க" என்றார்.

"வேண்டிக்கிறேன்" என்றேன். அப்போது துப்பறியும் கதை ஒன்றில் பாதியில் இருந்தேன். டாக்டர் மேல் சந்தேகம்.

நூலகருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பயந்துபோய் உள்ளே வந்தது. ஓட்டை விழுந்த அலமாரியைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. பையிலிருந்து தேதி முத்திரையை எடுத்து அத்தாச்சியின் பூத்தட்டில் வைத்தது.

"எடுக்குறதத் தேதி போட்டு எடுங்கக்கா. இங்க இவ்வளவு புத்தகம் வெளிய போயி நான் பாத்ததே இல்ல" என்றது.

பாய் தினமும் திறந்தார், பூட்டினார். கோழிப் புத்தகத்தை மட்டும் அவர் உள்ளே வைக்கவில்லை. யாரோ இன்னும் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் பங்காளிகள் ஒருவழியாக ஓய்ந்தார்கள். கடைசித் தீட்டும் கழிந்தது. மறுபூசைக்கு நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை என்றார். ஊரைக் கூட்டினார். டைல்ஸ் வாசலில் இறங்கியிருந்தது. பாயிடம் சாவியை வாங்கித் தன் கையால் திறந்தார். தட்டோடு உள்ளே போனவர் அப்படியே நின்றார்.

அலமாரி பல்லு போன வாய் மாதிரி இருந்தது. ஒல்லியாகச் சில புத்தகங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நாவல் தட்டு சுத்தமாகக் காலி.

"எங்க?" என்றார்.

நூலகர் பூத்தட்டிலிருந்த முத்திரையை எடுத்துப் பைக்குள் தள்ளியது.

"எங்கன்னு கேக்குறேன்ல? கோயில்ல கை வெச்சது யாரு?"

"பெரசாதம் குடுத்தாகப்பா. வாங்கிக்கிட்டோம்" என்றாள் அத்தாச்சி.

"யாரு குடுத்தா?"

அத்தாச்சி படத்தைக் காட்டினாள்.

வாசலில் யாரோ சிரித்தார்கள். மாமா திரும்பிப் பார்க்கவும் இருமினார்கள். அவர் கோபத்தில் இல்லை. கலங்கிப்போயிருந்தார். பூசையில் வைத்த சாமி வீடு வீடாகப் போயிருக்கிறது. என்ன முறை செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"சரி, போனது போகட்டும். எல்லாரும் போயி எடுத்துக்கிட்டு வாங்க. வெச்சு மறுபூசை போட்டுரலாம். அப்புறம் மூட்டை கட்டிக்கலாம்" என்றார்.

பெண்கள் நகரவில்லை. நானும் நகரவில்லை. புத்தகம் அந்த அறைக்குள் திரும்பி வந்தால் மூட்டைதான். வீட்டில் இருக்கும்வரைதான் அது புத்தகம்.

"மாமா, இன்னிக்கு வெள்ளிக்கெழமை" என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கமாட்டோம். உப்பு, தயிர், அரிசி, கைமாத்து எதுவும். கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடும். மாமா உரக்கடையிலேயே வெள்ளிக்கிழமை கடன் கிடையாது.

"உப்புக்கே அப்புடின்னா, வந்த சரஸ்வதிய வெள்ளியும் அதுவுமா வெளிய அனுப்புவாகளா?" என்றாள் என் பின்னால் நின்றவள்.

"சனிக்கெழம கொண்டாங்க."

"சனிக்கெழம சரஸ்வதி வெளிய போனா சனியன்ல உள்ள வரும்?" என்றாள் அத்தாச்சி.

இந்தச் சாஸ்திரம் எனக்கும் புதிது. ஆனால் மாமா தலையை ஆட்டினார். சாஸ்திரம் என்றால் அவர் மறுத்துப் பேசமாட்டார்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?"

"இருக்குறதுக்குப் பூசையப் போடுங்க" என்றேன். "மத்தது அததுக்குப் போட்டிருக்க தேதிக்குத் தானா வரும். வந்தா வேற போகும். கோயில்னா பெரசாதம் நிக்கக்கூடாது மாமா."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்த ஒல்லிப் புத்தகங்களுக்குச் சூடம் காட்டினார். மறுபூசை முடிந்தது. மணி அடித்தது. யாருக்கும் எதையும் தொடத் தடை இல்லை.

மூட்டை கட்டப் புத்தகம் இல்லாததால் மூட்டை கட்டவில்லை. வந்து இறங்கிய டைல்ஸைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். மாமா அதை நூலகத் தரைக்கே ஒட்டிக் கொடுத்தார். வெயில் நேரத்தில் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மண்டபப் பேச்சு பிள்ளையார் கோயில் பக்கம் போய்விட்டது. மஞ்சள் துணிகளை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. நூலகரும் இருக்கட்டும் என்றது. துணி கட்ட வருகிறவர்கள் உள்ளேயும் எட்டிப் பார்க்கிறார்களாம்.

திங்கட்கிழமை களையெடுப்பு இல்லை. நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். நூலகர் மேசையைத் திரும்ப உள்ளே போட்டிருந்தது. காற்றாடிக்குக் கீழே நீள பெஞ்சு. அதில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றை விரித்திருந்தோம். அத்தாச்சிக்கு நான் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் இல்லை, கம்பவுண்டர் என்று ஆகியிருந்தது.

பேப்பர் படிக்கிறவர்கள் வந்தார்கள். வாசலில் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இது ஆம்பளைக ஒக்கார்ற பெஞ்சு" என்றார்.

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்க, படிச்சுப் பாக்குறேன்" என்றேன்.

அவர் சுவரையெல்லாம் பார்த்தார். பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு நின்றுகொண்டே பேப்பரை விரித்தார்.